மணமேல்குடிக்கு வந்த சட்டம், பிறந்த ஊருக்கு வரவில்லை: யார் இந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி?

மணமேல்குடி பக்கம் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த பெயர் இது. அரசு தர்ற 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரில்தான் இருக்கு. ஆனா இவர் வாழ்க்கையின் பெரிய சண்டை வேற. ஆட்டமும் பாட்டும் தொழிலாக இருந்த பெண்களின் உடம்பையும் உயிரையும் காப்பது யார், எப்படி என்பதுதான் அது.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். (நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை முறை.) ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912ல் டாக்டர் பட்டம். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார், தன்னைச் சமமாக நடத்தணும் என்ற நிபந்தனையோடு.

பொட்டுக்கட்டுதல்னா என்ன?

சின்ன வயசிலேயே ஒரு பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவது. அவள் ஆடுவாள், பாடுவாள். பல இடங்களில் கோயில் நிலத்தில் பங்கும் உண்டு. ஆனா கல்யாணம் கிடையாது. வசதியான ஆண் ஒருவரின் ஆதரவில் வாழணும். இதுல அந்தச் சிறுமியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

முத்துலட்சுமி இதை டாக்டராகவும் பார்த்தார். பென்சிலின் வராத காலம் அது. பால்வினை நோய் வந்தால் தாயோடு போகாது, பிறக்கும் குழந்தையையும் பிடிக்கும். அதனால் ஒழுக்கம் பற்றிய பேச்சோடு உடல்நலத்தையும் சேர்த்தே வாதாடினார்.

சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். 1927ல் பொட்டுக்கட்டுதலை ஒழிக்கக் கோரும் தீர்மானம் கொண்டு வந்தார். 1929ல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. கோயில் ஊழியத்துக்காகக் கொடுத்த மானிய நிலத்தை அந்தப் பெண்களே வைத்துக்கொள்ளலாம், ஊழியம் மட்டும் செய்ய வேண்டாம். தொழிலை விட்டால் சோறு போயிடும்ங்கிற பயத்தை முதலில் நீக்கிய திருத்தம் இது. அவர் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை இதுதான்னு சொல்லலாம். ஆனா நிலமே இல்லாத பெண்களுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை.

எதிர்த்தவர்கள் யார்?

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். அதைவிட முக்கியம், தேவதாசிகளே சங்கமாகச் சேர்ந்து எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முன்னணியில் நின்றார். நாங்கள் கலைஞர்கள், எங்கள் சொத்துரிமையும் தொழிலும் போகும், எங்களைக் கேட்காமல் சட்டம் போடாதீர்கள் என்பது அவர்கள் வாதம். அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ ஊர் ஊராகப் போய் ஒழிப்புக்கு ஆதரவு திரட்டினார். ஆக, பாதிக்கப்பட்டவர்களும் ஒரே குரலில் பேசவில்லை.

இந்தச் சண்டை பழசாகிவிட்டதா? இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 2012ல், ஆபாசப் படங்களில் நடிப்பவர்கள் படப்பிடிப்பில் ஆணுறை அணிவதைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்கு மக்கள் வாக்களித்தனர். எச்ஐவி தொற்றைத் தடுப்பதுதான் நோக்கம். அதையே கலிபோர்னியா முழுக்கக் கொண்டுவரும் முயற்சி 2016ல் வாக்கெடுப்பில் தோற்றது. எதிர்த்துப் பிரசாரம் செய்தவர்களில் அந்த நடிகர்களும் இருந்தார்கள். அங்கே தொழில் சட்டப்படி நடக்குது, எப்படிப் பாதுகாப்பாக நடத்துவது என்பதுதான் கேள்வி. சென்னையில் முத்துலட்சுமிக்கு இருந்த பதில் ஒன்றுதான்: தொழிலே வேண்டாம். குழந்தைகளை நேர்ந்து விடும் முறையில் வேறு பதில் சொல்ல முடியாது. வளர்ந்த பெண்களின் மேடையையும் சேர்த்து மூடியதில்தான் நாகரத்தினம்மாள் தரப்பின் குறை நியாயமாகப் படுது.

1930ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். அதே சமயத்தில் பொட்டுக்கட்டுதலிலிருந்து தப்பி வந்த சில சிறுமிகளை எந்த விடுதியும் சேர்க்க மறுத்தது. சட்டம் பேசினவர் வீட்டிலேயே அவர்களைத் தங்க வைத்தார். அவ்வை இல்லம் உருவானது அப்படித்தான். பின்னாடி அடையாறில் அது பள்ளியாகவும் வளர்ந்தது.

முழுத் தடைச் சட்டம் 1947ல்தான் நிறைவேறியது. நேர்ந்து விடுவதோடு, கோயிலில் பெண்கள் ஆடுவதையும் அது தடை செய்தது. இங்கே ஒரு வினோதம். அறந்தாங்கி தாலுகாவில் இருந்த மணமேல்குடி அப்போ தஞ்சாவூர் மாவட்டம், அதாவது சென்னை மாகாணம். அதனால் சட்டம் அங்கே செல்லும். சில மணி நேரப் பயணத்தில் இருந்த புதுக்கோட்டை தனி சமஸ்தானம். 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும் வரை சென்னை சட்டம் அங்கே செல்லாது. தன் தாய் பிழைத்த ஊருக்கு மகளின் சட்டம் போக முடியவில்லை.

தங்கை புற்றுநோயில் இறந்தது இவரை விடாமல் துரத்திய துக்கம். 1954 ஜூன் 18ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது. 1956ல் பத்ம பூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22ல் காலமானார். இவர் பிறந்த ஜூலை 30ஐத்தான் தமிழ்நாடு அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுது.