தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்



மஞ்சூர் எஸ்டேட்டில் சின்ன வயசில் ஞாயிறுதோறும் நாங்கள் ஆலயத்தில் பாடிய கீர்த்தனைகளில் பல சாஸ்திரியார் எழுதியவை. அது அப்போது எனக்குத் தெரியாது.

1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவயதிலேயே தஞ்சைக்குக் கூட்டி வந்து படிக்க வைத்தார். பிற்காலத்து மன்னர் சரபோஜி அவருடைய தோழர். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே வேதாகமத்தைக் குறவஞ்சி, நாடகம், கீர்த்தனை என்று நம்ம ஊர் மெட்டில் தந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வேத ஞானத்தைப் பாடியே மனசில் பதித்துக்கொண்டார்கள். 'பெத்லகேம் குறவஞ்சி' பெயர் பெற்றது. 'ஞானத்தச்ச நாடகம்' என்ற தலைப்பே என்னைப் போன்ற என்ஜினீயர்களுக்குப் பிடித்துப்போகும்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1820-களில் புது மிஷனரிகள் சொன்னபோது, தனித்தனியாக உட்காரும் பழைய வழக்கத்துக்காக அவர் வாதாடினார். 1864-ல் காலமானார்.

ஆனால் அவர் பாட்டு அந்த வழக்கத்தோடு நின்றுவிடவில்லை. எங்கள் எஸ்டேட் ஆலயத்தில் கொழுந்து பறிப்பவர், மேஸ்திரி, கிளார்க் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் அதைப் பாடினோம். மாணவத் தம்பி தங்கைகளே, பெரியவர்களிடம் நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தவறியதை நாம் திருத்துவோம்.