கூலியாள் கோலத்தில் வந்த துறவி

பெல்மதுளையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் பொழுது புலருமுன்னரே லயத்து அடுப்புகள் எரியத் தொடங்கிவிடும். கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் புறப்படும் அவசரத்தில், கிறிஸ்தவத் தாயொருத்தி அடுப்படியில் நின்றபடியே சிலுவை அடையாளம் இட்டுக்கொள்கிறாள். நீண்ட செபத்துக்கு அவளுக்கு நேரமில்லை. கோயிலுக்குச் செல்வது ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரமே. அதுவும் எல்லா ஞாயிறுகளிலும் இயல்வதில்லை. அப்படியாயின் ஏனைய ஆறு நாட்களிலும் இறைவன் அவளுக்கு எங்கே இருக்கிறார்? இக்கேள்வி எழும்போதெல்லாம் நமக்கு ஜோசப் வாஸ் அடிகளாரின் நினைவே வருகின்றது.

அவர் 1651 ஏப்ரல் 21 ஆந் திகதி கோவாவின் பெனோலிம் கிராமத்தில், கொங்கணிப் பிராமண மரபில் வந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1676 இல் குருவானார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்டனர். கத்தோலிக்கக் குருமார் நாட்டினுள் நுழைவது தடைசெய்யப்பட்டிருந்தது. கோயில்கள் பறிபோயிருந்தன, திருப்பலி நிறைவேற்ற ஒருவரும் இல்லை. இதனை அறிந்த அடிகளார், 1687 இல் குருவின் அங்கியைக் களைந்துவிட்டு, கூலியாளின் கந்தலாடையுடன் தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். துணைக்கு வந்தவர் யுவான் என்ற பணியாளர் ஒருவரே. கடற்கொந்தளிப்பில் அலைக்கழிந்து மன்னாரை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் சேர்ந்தபோது கடும் வயிற்றுளைச்சல் அவரை வீழ்த்திவிட்டது. தொற்றுநோயென அஞ்சிய மக்கள் இருவரையும் ஊருக்கு வெளியே காட்டில் விட்டனர். பெண்ணொருத்தி நாள்தோறும் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர்களை உயிர்பிழைக்க வைத்ததென அவரது சரிதையை எழுதியோர் கூறுவர்.

இவ்விடத்தில் நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டியுள்ளது. இது நிகழ்ந்து நூற்று நாற்பது, நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர், நமது மலையக முன்னோரிற் பலரும் இதே கடலைக் கடந்து, இதே மன்னார்க் கரையில் இறங்கினர். காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த அவர்களுள் நோயுற்றுப் பாதையோரத்தில் விடப்பட்டவர்கள் அநேகர். கஞ்சி கொடுக்க ஒருத்தி அவர்கள் எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

நோய் தீர்ந்த அடிகளார் செய்த முதற்காரியம் பிச்சையெடுத்ததுதான். கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்று கையேந்தினார். மாலையைக் கண்டதும் எவருடைய முகம் மாறுகிறது என்பதைக் கூர்ந்து கவனித்தார். இவ்வாறே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் கண்டுபிடித்தார். பின்னர் சில்லாலையில் தங்கி, இரவுகளில் வீடுகளில் இரகசியமாகத் திருப்பலி நிறைவேற்றினார். கோபுரமும் மணியும் இல்லாத அவ்விரவுகளில் ஒரு தலைமுறையின் விசுவாசம் மீண்டும் துளிர்த்தது.

அதே காலத்தில் பாரிஸ் நகரில் லோரன்ஸ் என்ற கார்மேல் சபைச் சகோதரர் ஒருவர் வாழ்ந்தார். போரில் காயமுற்றுக் கால் ஊனமான இவர், மடத்துச் சமையற்கட்டில் நெடுங்காலம் பாத்திரங்களோடு உழன்று, பின்னர் பாதரட்சை செப்பனிடும் வேலையில் இருந்து, 1691 இல் மறைந்தவர். இறைபிரசன்னத்தை அடுப்படியிலேயே உணர்ந்தவர் என உலகம் இவரைப் போற்றுகின்றது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திலர்.

ஒல்லாந்தரின் நெருக்குதலால் அடிகளார் புத்தளம் சென்று, 1692 இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றரெனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். சிறையிலே சிங்களம் கற்றார். குடிசையொன்றை அமைத்து அதனையே ஆலயமாக்கிக் கொண்டார். வறட்சியின்போது அவர் வேண்ட மழை பொழிந்ததென்றும், அதனால் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் மனமிரங்கினான் என்றும் மரபு சொல்கிறது. அடிகளாரைப் பற்றிப் பேசுவோர் இந்த மழையையே முதலில் எடுத்துரைப்பர். நமக்கோ 1697 இல் கண்டியைப் பீடித்த பெரியம்மைக் காலமே பெரிதாகத் தோன்றுகின்றது. மன்னனும் பிரதானிகளும் நகரை நீங்கினர். நோயாளரை உறவினரே காட்டில் கைவிட்டனர். அடிகளாரும், அவரது மருமகனான கர்வாலோ அடிகளாரும் அவர்களுக்குக் கொட்டில்கள் அமைத்து, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரைப் புதைத்தனர். பௌத்தரா, கத்தோலிக்கரா என்று அவர்கள் பார்க்கவில்லை. ஒருகாலத்தில் தாம் காட்டிலே பெற்றுக்கொண்ட கஞ்சியை அடிகளார் அப்போது நினைத்திருப்பார் என்று எண்ணுவதற்கு நமக்கு உரிமையுண்டு.

அதன் பின்னர் கண்டி இராச்சியமெங்கும் அவருக்குத் தடை இருக்கவில்லை. உடல் தளரும்வரை நடந்து திரிந்து, 1711 ஜனவரி 16 ஆந் திகதி கண்டியிலேயே இறையடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14 ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலில், இலட்சக்கணக்கானோர் முன்னிலையில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அவருடைய உடல் கண்டி மண்ணில் எவ்விடத்தில் அடக்கம் செய்யப்பட்டது என்பது மட்டும் இன்றுவரை கண்டறியப்படவில்லை.