ஒரு நாவலும் ஓர் அமைதிப் பரிசும்

நோபல் என்றால் எனக்கு வெடிமருந்துதான் நினைவுக்கு வரும். அவரிடம் 1876-இல் சில நாள் செயலாளராக இருந்த பெர்த்தா வான் சுட்னரைப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் அறிந்தேன்.

1843-இல் பிராக் நகரில் பிரபு குடும்பத்தில் பிறந்தும் கையில் காசில்லை. முப்பது வயதில் வியன்னாவில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போனார். அவ்வீட்டு மகனையே ரகசியமாக மணந்துகொண்டு (அவருக்கு ஏழு வயது இளையவர்!) ஜார்ஜியா சென்றார். மொழியும் இசையும் கற்பித்து, எழுதிப் பிழைத்தார்கள்.

கட்டுரையைவிட நாவல்தான் அதிகம் பேரைச் சேரும் என்று நினைத்தார். அதற்காகப் போர் வரலாறுகளையும் ராணுவ மருத்துவர்களின் குறிப்புகளையும் படித்தார். முதலில் தயங்கிய பதிப்பாளர்களைத் தாண்டி, 1889-இல் ‘ஆயுதங்களைக் கீழே போடுங்கள்’ வெளிவந்தது. நாயகி மார்த்தா ஒரு போரில் கணவனை இழக்கிறாள். இரண்டாம் கணவனையும் இன்னொரு போர் பறிக்கிறது. உபதேசம்தான் இருக்கும் என்று மொழிபெயர்ப்பைத் திறந்தேன். இருந்தது ஒரு மனைவியின் காத்திருப்பு.

நோபலுக்குக் கடிதம் எழுதுவதையும் அவர் விடவில்லை. 1905-இல் அமைதிப் பரிசு பெற்ற முதல் பெண் ஆனார்.

1914 ஜூன் 21-இல் காலமானார். ஒரே வாரத்தில் சரயேவோவில் துப்பாக்கி வெடித்தது. வியன்னாவில் அந்த ஆண்டு கூடவிருந்த அமைதி மாநாடு நடக்கவே இல்லை.