பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கியவர்கள்
(துன் சம்பந்தன் வாழ்க்கை வரலாறு)

போன மாதம் எங்க ஆயா ஊர்க்கதை பேசிக்கிட்டு இருந்தப்போ, அந்தக் காலத்துல நம்ம பக்கத்துல இருந்து கப்பலேறி மலாயாவுக்குப் போனவங்களைப் பத்திச் சொன்னாங்க. போனவங்கள்ல பாதிப் பேர் திரும்பி வரவே இல்லையாம். அவங்க அங்க என்ன ஆனாங்கன்னு சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அப்போதுதான் சம்பந்தன் என்ற பெயரைத் தெரிந்துகொண்டேன். மலேசியாவில் அவர் பெயர் தெரியாத தமிழர் இல்லை. நமக்கும் தெரிய வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

பிறப்பும் படிப்பும்

சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் மலாயாவில் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை வீராசாமி 1896-இல் தமிழ்நாட்டிலிருந்து அங்கே போனவர். உழைத்து முன்னேறி ரப்பர் தோட்டத்துக்கே சொந்தக்காரர் ஆனார். அதனால் சம்பந்தன் வசதியான வீட்டுப் பிள்ளை. அங்கே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, நம்ம சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து படித்தார். காந்தியடிகள், நேரு ஆகியோரின் விடுதலைப் போராட்டத்தை அப்போது நேரிலேயே பார்த்தார்.

அன்றைய மலாயா

அப்போது மலாயா வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. மூன்று இன மக்கள் மூன்று இடத்தில் வாழ்ந்தார்கள். மலாய்க்காரர்கள் பெரும்பாலும் கிராமத்தில் நெல் விவசாயமும் மீன்பிடிப்பும் செய்தார்கள். சீனர்கள் ஈயச் சுரங்கத்திலும் பட்டணத்துக் கடைகளிலும் இருந்தார்கள். நம்ம ஆளுங்க ரப்பர் தோட்டத்தில். ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு வேலை என்று ஆகிவிட்டதால் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளவே வழியில்லை. 1957-இல் மலாய்க்காரர்கள் பாதிப் பேர், சீனர் 37 சதவீதம், இந்தியர் 11 சதவீதம். இதுல இந்தியர்தான் சின்னக் கூட்டம், அதிலும் பெரும்பாலோர் கூலிகள்.

கங்காணி என்பவர் ஊருக்கு வந்து ஆள் பிடித்துக்கொண்டு போவார். அங்கே போனால் லயத்தில் ஒரு வீடு. விடியும் முன்பே எழுந்து பால்மரம் வெட்டப் போக வேண்டும். கடை, கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாமே தோட்டத்துக்குள்தான். வீடும் துரையுடையது. வேலை போனால் அன்றைக்கே வீடும் போய்விடும். இதைத்தான் நாம் முக்கியமாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசியலில்

1955-இல் சம்பந்தன் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவர் ஆனார். 18 ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார். மலாய்க்காரர் கட்சி, சீனர் கட்சி, இந்தியர் கட்சி மூன்றும் ஒரே கூட்டணியாக நின்று 1955 தேர்தலில் 52 இடத்தில் 51 இடத்தை ஜெயித்தன. துங்கு அப்துல் ரகுமான் தலைமையில் 1957 ஆகஸ்ட் 31-இல் நாடு விடுதலை பெற்றது. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சர், சுகாதார அமைச்சர், பிறகு பொதுப்பணி, தபால், தந்தி அமைச்சர் என்று பல பொறுப்புகளை வகித்தார்.

அப்போது மூன்று கட்சியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மலாய்க்காரர்களுக்கு அரசியல் சட்டத்தில் தனிச் சலுகை உண்டு. மற்றவர்களுக்குக் குடியுரிமை உண்டு. ஆனால் முன்பே வந்து குடியேறியவர்கள் விண்ணப்பம் போட்டுத்தான் குடியுரிமை வாங்க வேண்டும். தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் போடாமலே விட்டுவிட்டார்கள். அதன் பலனைப் பின்னால் அனுபவித்தார்கள்.

பத்து வெள்ளி

இனிதான் அவர் செய்த பெரிய காரியம். விடுதலை சமயத்தில் பல வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். சின்னத் துண்டு வாங்கியவருக்கு அத்தனை கூலியாட்கள் எதுக்கு? முப்பது நாற்பது வருஷம் அங்கேயே பால் வெட்டியவர்கள் வேலையும் இல்லாமல் வீடும் இல்லாமல் நின்றார்கள்.

சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். அங்கே நம்மவர்கள் டாலரை வெள்ளி என்பார்கள். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்குங்கள், விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தமிழில் எடுத்துச் சொன்னார். கூலிக்காரன் தோட்டம் வாங்குவதா என்று முதலில் யாரும் நம்பவில்லை. ஆனாலும் பணம் கட்டினார்கள். கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதன் பிறகு 10-க்கும் மேற்பட்ட தோட்டங்கள், பல்லாயிரம் உறுப்பினர்கள் என்று வளர்ந்தது. பால் வெட்டியவரே பங்குதாரர் ஆனார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க அம்மாவோட மகளிர் சுய உதவிக் குழுதான் ஞாபகம் வந்தது. எங்க வீடும் அடுத்தவங்க மனையிலதான் இருக்கு. காலி பண்ணச் சொல்லிடுவாங்களோங்கிற பயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

கலவரமும் பிறகும்

1969 மே 13-இல் கோலாலம்பூரில் பெரிய இனக் கலவரம் வந்தது. அரசுக் கணக்குப்படியே 196 பேர் இறந்தார்கள். மலாய்க்காரர்களின் ஏழ்மையும் ஒரு காரணம் என்று 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இனத்தையும் தொழிலையும் ஒட்டிவைத்திருப்பதை மாற்றுவது அதன் ஒரு நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் தோட்டத்து ஏழை இந்தியரின் பங்கு எங்கே என்ற கேள்வி நின்றுவிட்டது. கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றானது. விண்ணப்பம் போடாமல் விட்டவர்கள் ஆயிரம் ஆயிரமாக இந்தியாவுக்கே திரும்பினார்கள்.

1972-இல் சம்பந்தன் தேசிய ஒற்றுமை அமைச்சர் ஆனார். அவர் இன்னும் கண்டிப்பாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று குறை சொன்னவர்களும் உண்டு. 1973-இல் கட்சித் தலைவர் பதவியை விட்டார். கூட்டுறவுச் சங்க வேலையை மட்டும் விடவில்லை. நாட்டு மன்னர் தரும் துன் என்ற உயர்ந்த பட்டம் பெற்ற அவர், 1979 மே 18-இல் காலமானார். வயது 59.

அவருக்குப் பின் நாட்டில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் பட்டணமாயின. மற்ற முதலாளிகளின் தோட்டங்களில் இருந்த ஏராளமான தமிழர்கள் மறுபடியும் வீடிழந்தார்கள். அவர் ஆரம்பித்த சங்கம் இன்றும் இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு பெரிய சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

நாம் கற்றுக்கொள்வது

ஒற்றுமை ஒற்றுமை என்று மேடையில் பேசினால் மட்டும் போதாது. ஒவ்வொருவருக்கும் நிற்க ஓர் இடமும், கையில் ஒரு தொழிலும், குடிமகன் என்ற சீட்டும் இருந்தால்தான் பக்கத்து இனத்தாரைப் பயமில்லாமல் பார்க்க முடியும். சிறு துளி பெரு வெள்ளம். அது பத்து வெள்ளியாகவும் இருக்கலாம், நம்ம அம்மாக்கள் வாரா வாரம் கட்டுகிற பத்து ரூபாயாகவும் இருக்கலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி