ஆசிரியர் தேர்வில் 2 முறை தோல்வி... பட்டாணியை எண்ணியே வரலாறு படைத்த துறவி! யார் இந்த மெண்டல்?

வீட்டில் குழந்தை பிறந்ததும் ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும். மூக்கு அப்பா மாதிரி, கண்ணு அம்மா மாதிரி, அதெல்லாம் இல்லை, அப்படியே தாத்தாவை உரிச்சு வெச்சிருக்கு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சரி, அப்பாவிடம் தெரியாத தாத்தாவின் சாயல் பேரனுக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு வழிகாட்டும் கணக்கைப் போட்டவர், மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்த ஒரு துறவி. அவர்தான் கிரிகோர் மெண்டல்.

தங்கை கொடுத்த சீதனப் பணம்

1822 ஜூலையில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் இருந்த ஹெய்ன்சென்டார்ஃப் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் மெண்டல். அந்த ஊர் இப்போது செக் குடியரசில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் யோஹான்.

1838-ல் மரம் விழுந்து அப்பாவுக்குப் பலத்த காயம் ஏற்பட்டது. குடும்ப வருமானம் சுருங்கியது, படிப்பு நின்றுபோகும் நிலை வந்தது. அப்போது கைகொடுத்தவர் தங்கை தெரேசியா. தன் சீதனத்தில் ஒரு பங்கை அண்ணன் படிப்புக்கு விட்டுக்கொடுத்தார். அதை மறக்காத மெண்டல், பின்னாளில் தங்கை மகன்களின் படிப்புக்கு உதவினார்.

சாப்பாட்டுக் கவலை இல்லாமல் படிக்க வேண்டும் என்றால் அன்று இருந்த வழிகளில் ஒன்று துறவறம். 1843-ல் புர்னோ நகரில் உள்ள அகஸ்தீனியர் மடத்தில் சேர்ந்தார். கிரிகோர் என்ற பெயர் அங்கே வந்ததுதான்.

1850-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினார். தோல்வி. மடமே அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. இயற்பியல், கணிதம், தாவரவியல் எல்லாம் படித்துவிட்டு வந்து 1856-ல் மறுபடி முயன்றார். அப்போதும் தேறவில்லை. கடைசி வரை நிரந்தர ஆசிரியர் ஆக முடியாமல், துணை ஆசிரியராகவே பாடம் எடுத்தார்.

பட்டாணி ஏன்?

அதே 1856-ல்தான் மடத்துத் தோட்டத்தில் அந்தச் சோதனை தொடங்கியது. பட்டாணி சீக்கிரம் வளரும். அதன் பூ தனக்குத்தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும் என்பதால் கலப்படம் குறைவு. முன்னதாகவே 34 ரகங்களை 2 ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து, மாறாமல் ஒரே மாதிரி விளையும் ரகங்களாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

விதை உருண்டையா சுருங்கியதா, மஞ்சளா பச்சையா, செடி நெட்டையா குட்டையா என 7 பண்புகளை மட்டும் எடுத்துக்கொண்டார். மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். எல்லாமே கைவேலை. 1863 வரை ஏறக்குறைய 28,000 செடிகளைப் பார்த்தார்.

காபி இல்லை, கோலிகுண்டு!

பாலும் டிகாஷனும் கலந்தால் காபி ஆகிவிடும், திரும்பப் பிரிக்க முடியாது. பெற்றோரின் பண்புகளும் அப்படித்தான் பிள்ளையிடம் கலந்துவிடுகின்றன என்று அப்போது பலர் நம்பினார்கள்.

மெண்டல் உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். கிடைத்த விதைகள் எல்லாமே உருண்டை! சுருக்கம் காணாமல் போய்விட்டதா? அந்த விதைகளை நட்டு, அடுத்த தலைமுறையை எண்ணினார். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். கிட்டத்தட்ட 3-க்கு 1. மற்ற பண்புகளிலும் இதே கணக்குதான் வந்தது.

அவர் கண்டுபிடித்த விஷயம் இதுதான். ஒவ்வொரு பண்புக்கும் செடியிடம் 2 அலகுகள் இருக்கின்றன, ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. உருண்டை அலகு ஒன்று இருந்தாலே விதை உருண்டையாகிவிடும். சுருக்கம் வெளியே தெரிய வேண்டுமென்றால் 2 அலகுமே சுருக்கமாக இருக்க வேண்டும். கலப்புச் செடி தன்னிடம் உள்ள இரண்டில் ஒன்றை மட்டுமே வாரிசுக்குத் தரும். அதனால் 4-ல் ஒரு விதைக்கு 2 சுருக்க அலகுகளும் சேர்ந்து வரும். மறைந்த பண்பு அழியவில்லை, ஒரு தலைமுறை ஒளிந்திருந்தது, அவ்வளவுதான். பையில் போட்ட கோலிகுண்டுகள் கலந்து கிடந்தாலும், கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருப்பது மாதிரி. இந்த அலகுகளைத்தான் இன்று மரபணு என்கிறோம்.

34 ஆண்டு மௌனம்

1865 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புர்னோ இயற்கை அறிவியல் சங்கத்தில் இதை விளக்கினார். 1866-ல் கட்டுரையாக வெளியானது. பெரிய வரவேற்பு இல்லை. பிரபல தாவரவியலாளர் நேகெலிக்குக் கடிதம் எழுதினார். அவர் ஆய்வு செய்துவந்த ஹாக்வீட் செடியில் மெண்டலும் சோதனை நடத்தினார், கணக்கு ஒத்துவரவில்லை. அந்தச் செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை உண்டாக்கும் வகை என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1868-ல் மடத்தின் தலைவரானார். நிர்வாகம், மடத்தின் மீது அரசு போட்ட வரியை எதிர்த்த நீண்ட மல்லுக்கட்டு என்று காலம் ஓடியது. 1884 ஜனவரி 6-ல், 61 வயதில் இறந்தார். ஊர் அவரை மடத்துத் தலைவராக அறிந்திருந்தது, விஞ்ஞானியாக அல்ல.

1900-ல் டி விரீஸ், காரென்ஸ், ஷெர்மாக் ஆகியோர் தனித்தனியாகச் செய்த ஆய்வுகள் வெளியாயின. அவர்கள் எட்டிய முடிவை 34 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அச்சிட்டு வைத்திருந்தது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது.

நமக்கு இதில் என்ன?

உயரம், தோல் நிறம் போன்றவற்றைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, அங்கே கணக்கு இவ்வளவு எளிதல்ல. ஆனால் தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்ற ரத்த நோய்கள் மெண்டல் சொன்ன வழியில்தான் வருகின்றன. அப்பா, அம்மா இருவரும் ஆரோக்கியமாக இருந்தாலும், ஆளுக்கொரு குறைபாட்டு மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவிகித வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றுக்கு வராது என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத்தான் தொடங்கும்.

குழந்தைக்கு இப்படி நோய் வந்தால் தாயின் மீது பழி போடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. இந்த நோய்கள் வர இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மரபணு வந்தாக வேண்டும். சுமப்பவரா இல்லையா என்பதை ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துகொள்ளலாம். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், திருமணத்துக்கு முன்போ, குழந்தைக்குத் திட்டமிடும் முன்போ தம்பதி இருவருமே மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.