தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்: பாட்டுக்காக வேலையை இழந்தவர்



டிசம்பர் பிறந்துவிட்டால் இரவு நேரத்தில் கேரல் பாடும் குழுவினர் வீடு வீடாக வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை வரும்போது சற்று கவனித்துக் கேளுங்கள். சில பாடல்கள் கிட்டார் இசையோடு மேல்நாட்டு மெட்டில் இருக்கும். சில பாடல்களோ பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் கச்சேரிப் பாடல்களைப் போலவே ராகத்தோடும் தாளத்தோடும் வரும். தேவாலயங்களில் முதல் வகையை ஞானப்பாட்டு என்றும், இரண்டாவதைக் கீர்த்தனை என்றும் சொல்வார்கள்.

இந்தக் கீர்த்தனைகளுக்குத் தேவாலயத்தில் எளிதாக இடம் கிடைத்துவிடவில்லை. அதற்காக வாழ்நாள் முழுவதும் பாடியவர், வேலையையும் இழந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். பெயரைக் கேட்டதும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நினைவுக்கு வருகிறாரா? அவர் வேறு, இவர் வேறு. இவர் அவருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு மூத்தவர்.

சாஸ்திரியார் 1774-ம் ஆண்டு செப்டம்பர் 7-ம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை தேவசகாயம் பிள்ளை, சைவ வேளாளர் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது தஞ்சாவூரிலிருந்து ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ் ஐயர் நெல்லைக்கு வந்தார். பையனின் அறிவைக் கண்டு, பெற்றோரிடம் கேட்டு, தம்மோடு அழைத்துச் சென்றார்.

தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரின் பொறுப்பில் இன்னொரு இளைஞரும் வளர்ந்துவந்தார். அவர்தான் பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி. நீங்கள் தஞ்சை சென்றால் பார்க்கும் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தெடுத்த அதே சரபோஜி. அரச குடும்பத்துப் பிள்ளையும் நெல்லையிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே ஆசானிடம் பாடம் கேட்டு நண்பர்களானார்கள். சாஸ்திரியார் தரங்கம்பாடிக்கும் சென்று மேலும் படித்தார். இருபது வயதை ஒட்டி, தஞ்சை மிஷன் பள்ளியில் தலைமையாசிரியர் பொறுப்பேற்றார்.

அந்தக் காலத்துத் தஞ்சை எப்படிப்பட்ட ஊர் என்பதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் திருவையாற்றில் தியாகராஜர் பாடிக்கொண்டிருக்கிறார். சியாமா சாஸ்திரிகள், முத்துசுவாமி தீட்சிதர் ஆகியோரும் அதே காலத்தவர்கள். எங்கு திரும்பினாலும் பாட்டு, பரதம், குறவஞ்சி நாடகம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குள் போனால், ஜெர்மன் பாடல்களைத் தமிழில் பெயர்த்து, ஜெர்மன் மெட்டிலேயே பாடிக்கொண்டிருந்தார்கள். சொல் தமிழ், இசை வேறு. வெளியே கேட்டு வளர்ந்த இசை ஒன்று, உள்ளே கடவுளைத் துதிக்கும் இசை இன்னொன்று.

சாஸ்திரியார் இந்த இடைவெளியை நிரப்பினார். ஊர் மக்கள் எந்தெந்த வடிவத்தில் பாடினார்களோ அந்த வடிவங்களை எல்லாம் எடுத்துக்கொண்டார். பெண்கள் கும்மியடித்தால் அவர் ஒரு கும்மி எழுதினார். மூடநம்பிக்கைகளைக் கேள்வி கேட்கும் 'சாஸ்திரக் கும்மி' அப்படி வந்ததுதான். வயலில் ஏற்றம் இறைப்பவர்களுக்கு 'ஞான ஏற்றப்பாட்டு'. நோவாவின் பேழையைச் சொல்ல 'ஞானத்தச்ச நாடகம்'. வீட்டில் ஜெபிக்கப் பாடல்கள், மாலைகள், அந்தாதிகள். அவர் எழுதியவை நூறு நூல்களுக்கு மேல் என்பார்கள்.

இவற்றில் புகழ்பெற்றது 'பெத்லகேம் குறவஞ்சி'. குற்றாலக் குறவஞ்சியின் கதைப்போக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலைவன் உலா வருவான், தலைவி காதல் கொள்வாள், குறத்தி வந்து குறி சொல்வாள். சாஸ்திரியாரின் குறவஞ்சியில் உலா வரும் தலைவன் இயேசு. தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் செய்தியையும், பள்ளியில் படித்த பூகோளத்தையும் கூட அதற்குள் பாட்டாகச் சேர்த்துவிட்டார் இந்தத் தலைமையாசிரியர்.

மன்னரான நண்பர் அவரை அரசவைப் புலவராகவே மதித்தார். பெருவுடையார் மீது ஒரு நூல் பாடித் தரும்படி சரபோஜி கேட்டதாகவும், தம் பாட்டு கிறிஸ்துவுக்கு மட்டுமே என்று சாஸ்திரியார் பணிவோடு மறுத்ததாகவும் வழிவழியாக ஒரு செய்தி உண்டு. அதற்குப் பிறகும் அந்த நட்பு முறியவில்லை என்பது இருவருக்கும் பெருமை.

சோதனை வெளியிலிருந்து வரவில்லை, சபைக்குள்ளிருந்தே வந்தது. 1798-ல் சுவார்ட்ஸ் ஐயர் காலமானார். பின்னர் வந்த புதிய மிஷனரிகள் பல மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். பழகிய தமிழ் வேதாகமத்தின் மொழிநடையைத் திருத்தினார்கள். திருமணங்களிலும் அடக்கத்திலும் பூக்கள் கூடாது என்றார்கள். தேவாலயத்தில் தமிழ்க் கீர்த்தனை வேண்டாம் என்றார்கள். சாதி வாரியாகத் தனித்தனியே அமர்வதை நிறுத்தி, எல்லோரும் ஒன்றாகத் திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் இந்த நான்கையும் கொடுமைகள் என்று எழுதி எதிர்த்தார். விளைவாக 1820-களின் இறுதியில், ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், மிஷன் வேலையை இழந்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதி விஷயத்தில் சாஸ்திரியார் நின்ற பக்கம் தவறானது. ஒரே கடவுளைப் பாடுகிறவர்கள் ஒரே பாயில் அமரக் கூடாது என்பதை இன்று நாம் ஏற்க முடியாது. அந்த ஒன்றில் புதியவர்கள் சொன்னதே சரி. ஆனால் பாட்டு விஷயத்தில் அவர் சொன்னதே சரி. மக்கள் தாலாட்டாகவும் கும்மியாகவும் கேட்டு வளர்ந்த இசையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னால், துதி உதட்டோடு நின்றுவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பெரிய மனிதர்களிடமும் சரியும் தவறும் கலந்தே இருக்கும். இரண்டையும் பார்ப்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

வேலை போனதும் பாட்டு நின்றதா? இல்லை. சரபோஜி மன்னர் கைகொடுத்தார். 1832-ல் அவரும் மறைந்தார். சாஸ்திரியார் வீடுகளிலும் சபைகளிலும் கதாகாலட்சேபமாகப் பாடிக்கொண்டே இருந்தார். தேவாலயத்தில் இடம் மறுக்கப்பட்ட பாடல்கள் முற்றத்திலும் திண்ணையிலும் வளர்ந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துகொண்டார்கள். ஒரு பிரசங்கத்தை மறுநாளே மறந்துவிடுகிறோம், பாட்டு அப்படியல்ல. அடுப்படியிலும் நோய்ப்படுக்கையிலும் அது தானாக நாவில் வரும். துதிப் பாடலின் வலிமை அதுதான்.

காலமும் மாறியது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் இந்தக் கீர்த்தனைகளின் அருமையை உணர்ந்து, சாஸ்திரியாரிடம் கேட்டறிந்து, 1853-ல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். வெளியே தள்ளப்பட்ட பாட்டு, அச்சுப் புத்தகமாகித் தேவாலயத்துக்குள் திரும்பி வந்தது. அதைப் பார்க்கும் வயது வரை சாஸ்திரியார் வாழ்ந்திருந்தார். 1864-ம் ஆண்டு ஜனவரி 24-ம் தேதி, எண்பத்தொன்பதாம் வயதில் தஞ்சையில் காலமானார். அவர் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக இன்றும் அவர் பாடல்களைப் பாடி வருகிறார்கள்.

அடுத்த முறை தஞ்சைக்குச் செல்லும்போது பெரிய கோயிலைப் பார்த்த கையோடு, அருகே சிவகங்கைப் பூங்காவில் இருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். ஆசானுக்காகச் சரபோஜி எழுப்பிய பளிங்கு நினைவுச் சிற்பம் அங்கே இருக்கிறது.

இந்த டிசம்பரில் கேரல் குழு உங்கள் தளத்துக்கு வரும்போது கதவைத் திறந்து, ஒரு கீர்த்தனை பாடச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும், அந்த ராகம் உங்களுக்கு முன்பே பழக்கமானதாகத்தான் இருக்கும்.