கோவை கரிவர்தன்: சிறிய எஞ்சினை நம்பிய பந்தய வீரர்

சங்கத்தின் ஆண்டு மலர் என்றால் பாரதியார், வ. உ. சி., கணித மேதை இராமானுஜன் போன்ற பெரியோரின் வரலாறு இடம்பெறுவது வழக்கம். அவ்வழக்கத்தைக் குறைவாக எண்ணியன்று, வேறொரு காரணம் பற்றி இவ்வாண்டு மோட்டார்ப் பந்தயத் துறையில் உழைத்து 1995-இல் மறைந்த கோவை சுந்தரம் கரிவர்தனின் வாழ்க்கையை எழுத எடுத்துக்கொண்டோம். மாலை வேளையில் நம் காலனி வாயிலில் கூடி நிற்கும் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டவர்களுக்குக் காரணம் விளங்கும். எந்தச் சைலன்ஸரை மாட்டினால் ஓசை கூடும், எத்தனை மில்லிமீட்டர் திராட்டில் பாடி வைத்தால் வேகம் ஏறும் என்பதே அவர்கள் பேச்சு. திருவனந்தபுரத்துக் கவடியார்ச் சாலையில் இளைஞர்கள் போட்டியிட்டு வண்டி ஓட்டுவதையும், அதனால் விளையும் விபத்துகளையும் நாளேடுகளில் படிக்கும் பெற்றோருக்கு இப்பேச்சு வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் இயந்திர ஆசையைத் திட்டி அடக்கிவிட முடியுமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. அதே ஆசையுடன் பிறந்த ஒருவர் அதை எவ்வழியில் செலுத்தினார் என்று காட்டுவது பயனுடையது எனக் கருதினோம்.

கரிவர்தன் 1954-இல் பிறந்தார். ஜி. குப்புசாமி நாயுடு 1910-இல் தொடங்கிய லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தையார் ஜி. கே. சுந்தரம். கோவையைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாலைகளும், அவற்றைச் சுற்றி எழுந்த வார்ப்படச் சாலைகளும், பம்பு செட்டுப் பட்டறைகளும் நிறைந்த ஊர் அது. ஜி. டி. நாயுடு 1952-இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் காரைச் செய்து காட்டியதும், அரசின் அனுமதி கிட்டாமல் அம்முயற்சி நின்றுபோனதும் அவ்வூரில்தான். லேத்து இயந்திரத்தின் ஓசையும் வெல்டிங் பொறியும் தெருவுக்குத் தெரு உள்ள ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு மோட்டாரின் மேல் மனம் சென்றதில் வியப்பில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளை கார் ஓட்டுவதோடு நின்றுவிடுவது உலக வழக்கு. இவரோ ஓட்டியதோடு நில்லாமல் கார்களை வடிவமைத்துச் செய்யவும் தலைப்பட்டார்.

அக்காலத்தில் தென்னாட்டில் மோட்டார்ப் பந்தயம் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையை அடுத்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று பயனின்றிக் கிடந்தது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அங்கே பந்தயங்களை நடத்தி வந்தனர். கரிவர்தனும் அங்கே ஓட்டிப் பழகியவர். அவ்விடத்தில் எல்லா விதமான வண்டிகளும் ஓடின. ஃபியட், அம்பாசிடர் முதலிய வீட்டுக் கார்களின் உள்ளுறுப்பை மாற்றி ஓட்டியோர் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஃபார்முலா ஒன் வண்டியையே வரவழைத்து ஓட்டிய செல்வரும் உண்டு. திறமையால் வென்றவர் யார், பணப்பையால் வென்றவர் யார் என்று பிரித்தறிவது எளிதன்று.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, எஞ்சினுக்கு வலுவூட்டுவது என்றால் என்ன என்பதை விளக்கிவிடுகிறோம். இதை அறியாமல் கரிவர்தன் செய்ததன் அருமை புலப்படாது.

நீராவி எஞ்சின் காலத்தில் டிரைவர் கையில் ரெகுலேட்டர் என்ற நெம்புகோல் இருந்தது. அதைத் திறந்த அளவுக்கு ஆவி ஸிலிண்டருக்குள் சென்றது; வண்டி நகர்ந்தது. மோட்டார் எஞ்சினில் அவ்வேலையைச் செய்வது திராட்டில். ஒரு குழாய்க்குள் வட்டத் தகடு ஒன்று அச்சில் சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கும். காலால் மிதியை அழுத்தினால் தகடு சாய்ந்து காற்றுக்கு வழிவிடும். பழைய கார்களில் இத்தகடு கார்புரேட்டரின் உள்ளேயே இருந்தது. அங்கே குழாயின் ஓரிடம் குறுகியிருக்கும். காற்று அவ்விடத்தில் விரைந்து பாயும்போது அழுத்தம் குறைந்து, பெட்ரோலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோலைத் தனிக் குழலால் பீய்ச்சும் முறை வந்தபின் தகடும் அதன் கூடும் மட்டும் எஞ்சின. அதுவே நம் பிள்ளைகள் ஓயாமல் பேசும் திராட்டில் பாடி.

இக்குழாயைப் பெரிதாக்கினால் காற்று மிகுதியாகப் புகும், வலுவும் கூடும். உண்மைதான். ஆனால் உச்ச வேகத்தில்தான் அந்த நன்மை கிடைக்கும். கார்புரேட்டரில் வாய் பெரிதானால், மெதுவாகச் செல்லும்போது காற்றின் பாய்ச்சல் தளர்ந்து பெட்ரோல் சரிவரக் கலவாது. திருப்பத்தில் மிதித்தவுடன் எஞ்சின் திக்கித் திணறும். பெட்ரோலைப் பீய்ச்சும் முறையிலும் வேறொரு இடர் உண்டு. வாய் மிகப் பெரிதாயின், மிதியைச் சிறிது அழுத்தினாலே காற்றில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். அளவாக ஓட்டுதல் கடினமாகும். ஸிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனித் திராட்டில் வைத்தால் எஞ்சின் சொன்னபடி உடனே கேட்கும். ஆயினும் எல்லாத் தகடுகளும் மயிரிழை பிசகாமல் ஒருங்கே திறக்கும்படி சீர்செய்தல் வேண்டும்.

அதனோடு முடிந்ததா? காற்று வருகிறது என்றால் வால்வு நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குக் கேம் ஷாஃப்டை மாற்ற வேண்டும். அழுத்த விகிதத்தை உயர்த்தினால், எண்பதுகளில் இங்கே கிடைத்த பெட்ரோலுக்கு எஞ்சினுள் இடிப்பு உண்டாகும். வெப்பம் மிகுவதால் ரேடியேட்டர் போதாது. வேகம் மிகுவதால் பிரேக் போதாது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடத் தொடங்கிய கதைதான். எங்கே முடியும் என்று மாமனாருக்குத் தெரியாது. அந்நாளில் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் இருந்த நிலையில், இப்பாகங்களை வாங்கத்தக்கவர் நாட்டில் எத்தனை பேர்?

இதற்கு மாற்று வழி ஒன்று இங்கிலாந்தில் முன்னமே காட்டப்பட்டிருந்தது. காலின் சாப்மன் என்ற பொறியாளர், 1948-இல் பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை வாங்கித் தம் கையால் மாற்றிக் கட்டினார். அதன் எஞ்சின் 747 கன சென்டிமீட்டர் கொண்ட எளிய பொருள். சாப்மன் நம்பியது எடைக் குறைப்பை. எஞ்சினை வலுப்படுத்தினால் நேர்ச்சாலையில் மட்டும் பயன். எடையைக் குறைத்தால் நேர்ச்சாலை, திருப்பம், பிரேக் ஆகிய மூன்றிலும் பயன் என்பது அவர் கொள்கை. அவர் நிறுவிய லோட்டஸ் கம்பெனி, 1957-இல் லோட்டஸ் செவன் என்னும் இலேசான காரை வெளியிட்டது. 1963 முதல் 1978 வரை ஏழு முறை உலகப் பந்தயத்தில் கார் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. சாப்மன் தம் கம்பெனிக்குத் தாமரை என்று பெயரிட்டார். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை இங்கே அதே நெறியில் நடந்தார். பெயர்ப் பொருத்தம் தற்செயல் எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 நம் நாட்டுச் சாலைக்கு வந்தது. மூன்று ஸிலிண்டர், ஒரே கார்புரேட்டர். ஸிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சு 72 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 796 கன சென்டிமீட்டர் வரும். வலு ஏறத்தாழ 39 குதிரைச்சக்தி. 1089 கன சென்டிமீட்டர் கொண்ட ஃபியட் தந்த வலுவும் 40-ஐ ஒட்டியதே என்பதை எண்ணினால், இச்சிறு எஞ்சினின் சிறப்பு விளங்கும். அதைவிடப் பெரிய சிறப்பு வேறொன்று. சில ஆண்டுகளில் அவ்வெஞ்சினின் உதிரிப்பாகம் எல்லா ஊரிலும் கிடைத்தது; அதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக்கும் எல்லா ஊரிலும் இருந்தார்.

கரிவர்தன் அதைக் கண்டுகொண்டார். எந்த நாட்டு எஞ்சினையும் வரவழைக்கும் வசதி படைத்த குடும்பத்தில் பிறந்தவர், கடைத்தெருவில் கிடைத்த எஞ்சினைத் தேர்ந்தார். 1988-இல் ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் அவர் வடிவமைப்பில் உருவாயிற்று. எஃகுக் குழாய்களை இணைத்த கூடு, அதன்மேல் ஃபைபர் கண்ணாடிப் போர்வை, நான்கு புறமும் மூடியின்றி வெளியே தெரியும் சக்கரங்கள். வீட்டுக் காரில் முன்புறம் குறுக்காக அமர்ந்திருந்த எஞ்சினும் கியர்ப் பெட்டியும் இதில் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னே சென்று பின்சக்கரங்களைச் சுழற்றின. எஞ்சினைப் பெரிதாகக் குடைந்து மாற்றுவதில் அவர் பணத்தைச் செலவிடச் செய்யவில்லை.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் காட்டலாம். வீட்டுக் கார் 650 கிலோ, ஓட்டுநர் 70 கிலோ என்று கொள்வோம். 39 குதிரைச்சக்திக்கு 720 கிலோ. ஒரு குதிரை ஏறத்தாழ 18½ கிலோவை இழுக்க வேண்டும். அதே எஞ்சினை 400 கிலோ எடையுள்ள கூட்டில் வைத்தால், ஓட்டுநரோடு 470 கிலோ. ஒரு குதிரையின் பங்கு 12 கிலோ. கூட்டை மாற்றாமல் எஞ்சினால் மட்டும் இந்நிலையை அடைய வேண்டுமாயின் 60 குதிரைச்சக்தி தேவைப்படும். அதாவது எஞ்சினை ஒன்றரை மடங்கு வலுவாக்கும் செலவும் தொல்லையும், இரும்பைக் குறைத்ததால் மிச்சம்.

இதைவிட நாம் உயர்வாக மதிப்பது பந்தயத்தின் நியாயத்தை. ஒரே வகைக் கார், ஒரே வகை எஞ்சின் என்று அமைந்தபின், பின்தங்கியவர் கார்புரேட்டரைக் குறை சொல்ல இயலாது. திருப்பத்தில் எங்கே பிரேக் பிடித்தோம், எங்கே மிதித்தோம் என்று தம்மைத் தாமே ஆராய வேண்டியதுதான். வெளிநாட்டு வண்டிகளை நோக்க இது வேகத்தில் சிறியது என்பது மெய்யே. ஆனால் பள்ளிக்கூடத்தில் வேகத்தைவிடப் பாடம் முக்கியம் அன்றோ? 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் திறக்கப்பட்டபின், இக்கார்கள் அங்கே பல இளைஞர்களுக்கு முதல் வகுப்பாக அமைந்தன.

அவ்வகுப்பில் பயின்றவருள் கோவை நரேன் கார்த்திகேயன் ஒருவர். அவர் தந்தையார் ராலிப் பந்தயத்தில் புகழ் பெற்றவர். நரேன் ஃபார்முலா மாருதியில் தொடங்கிப் பிறகு பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சென்றார். 2005-இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியரானார். சென்னை கருண் சந்தோக் 2000-ஆம் ஆண்டில் ஃபார்முலா மாருதிப் பந்தயத்தில் வாகை சூடி, 2010-இல் ஃபார்முலா ஒன்னை எட்டினார். நாட்டிலிருந்து அவ்வுச்சிக்குச் சென்ற இருவருமே 796 கன சென்டிமீட்டர் எஞ்சினிலிருந்து புறப்பட்டவர்கள்.

இவர்கள் ஃபார்முலா ஒன்னை எட்டியதைக் காணக் கரிவர்தன் இருக்கவில்லை. 1995-இல் நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவர் வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. தாம் கட்டிய கார்கள் ஓடுவதை ஏழு ஆண்டுகள்தாம் அவர் கண்டார்.

கோவைக்குச் செல்லும் நம் அன்பர்கள் போத்தனூருக்கு அப்பால் செட்டிபாளையம் என்னும் ஊரைக் கேட்டிருப்பர். அங்கே 2003-இல் பி. விஜயகுமார் அமைத்த 2.1 கிலோமீட்டர்ப் பந்தயத் தளத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயரிட்டனர். காலனிப் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பொதுச் சாலையில் ஓடும் வண்டியைப் பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாகத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்தில் மோட்டார் வாகனத் துறையினர் இதற்காக வண்டிகளைப் பிடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். பந்தயத் தளத்தில் போட்டியின் விதிக்குட்பட்டு வேண்டியதைச் செய்து பார்க்கலாம்.

அத்தளத்தில் பொறியியற் கல்லூரி மாணவர்களுக்காக ஃபார்முலா பாரத் என்ற போட்டி பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. மாணவர்கள் தாமே சிறிய பந்தயக் காரை வடிவமைத்துக் கட்டிக் கொண்டுவர வேண்டும். எந்தத் திராட்டில் பாடியைத் தேர்வது என்பது அவர்கள் விருப்பம். ஆனால் பெட்ரோல் எஞ்சினாயின், திராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் இடையே 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் காற்று முழுவதும் செல்ல வேண்டும் என்பது இத்தகைய போட்டிகளின் விதி. விலையுயர்ந்த திராட்டிலை வாங்கி வந்தவருக்கும் அதே துளைதான்.